கப்பலில் நானும் பேத்தியும் மட்டும்

எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியமாக இருக்கிறீர்களா? மைசூரில் மழை விட்டுப் பனி இறங்கிவிட்டது. முட்டிவலிக்காரர்கள் காலையில் வெறுங்காலோடு தரையில் நடக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் இந்தக் குழுவில் ஒரு சகோதரி கேட்டிருந்தார், வியட்நாமில் ராத்திரி தங்கும் கப்பல் பயணத்துக்கு வயதானவர்கள் போகலாமா என்று. தாராளமாகப் போகலாம். நான் போய்வந்திருக்கிறேன். ஹாலோங் விரிகுடா என்று பெயர். ஹனோயிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய்ப் படகுத்துறையில் ஏற்றுகிறார்கள். அன்றைக்குப் பகல் முழுக்க மிதந்து, ராத்திரி குன்றுகளுக்கு நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். மறுநாள் மதியம் கரையில் கொண்டுவந்து விடுவார்கள். அலையே கிடையாது, அதனால் வாந்தி வராது. அறைக்குள்ளேயே குளியலறை, பிடித்துக்கொள்ளக் கம்பி, வெந்நீர் போட ஒரு கெட்டில், கடலைப் பார்க்க ஒரு சின்ன பால்கனி. அண்டாவில் தண்ணீர் ஊற்றி ராகிக்களி உருண்டைகளை வரிசையாகப் போட்டுவைத்தது போலக் குன்றுகள். ஒரே குறை, எல்லாக் குன்றும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் பக்கம் கரை என்று தெரியாது. போனும் எடுக்காது.

என்னைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் பழனாத்தாள். பிறந்தது சத்தியமங்கலம் பக்கம், எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம். கட்டிக்கொடுத்தது ஹனூரில். என் வீட்டுக்காரர் கரியப்பன் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை போட்டே மகனைப் படிக்கவைத்தார். மகன் மகேந்திரனுக்கு மைசூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மருமகள் ஸ்வாதி மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு பேரும் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. கன்னடம்தான் வாசிப்பார்கள். அதனால் இங்கே நான் மனம்விட்டு எழுதலாம்.

எங்களோடு வந்தது பேத்தி சான்வி. சானு என்று கூப்பிடுவோம். நாலு வயது. அவளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஒரு தூள் வாய்க்குள் போனாலும் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்ட அன்றைக்கே ஸ்வாதி வீட்டிலிருந்த கடலையெல்லாம் வெளியேற்றிவிட்டாள். என் சட்னிப்பொடி பாட்டில் காவல்காரர் வீட்டுக்குப் போனது. அந்த வருஷம் புதுக்கடலை பிடுங்கியதும் என் வீட்டுக்காரர் ஹனூரிலிருந்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஸ்வாதி கேட் வரைக்கும் ஓடிப்போனாள்.

"மாமா, மூட்டையை அங்கயே வெச்சிடுங்க. உள்ள வந்து சட்டை மாத்திட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு அப்புறம் பாப்பாவைத் தூக்குங்க. பேஜாரு பண்ணிக்காதீங்க மாமா, ப்ளீஸ்."

இவர் சிரித்தார். "ஏனம்மிணி, எம் பேத்திக்கு நானே வெசமாப் போயிட்டனா?"

கேட்டுக்கு வெளியே நின்றபடி காபியைக் குடித்துவிட்டு, மூட்டையைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு கொள்ளேகால் பஸ் ஏறிவிட்டார். அடுத்த கடலை பிடுங்கும்போது அவர் இல்லை. எனக்கு ஸ்வாதி மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். படித்தவள். படித்தவர்களுக்குப் பயம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் ஒத்துக்கொள்ளாதது என்று எதையும் தள்ளிவைப்பதில்லை, பழக்கிவிடுவோம். மாட்டுக்குப் புதுத்தீவனம் வைத்தால்கூட முதல் நாள் ஒரு பிடி, மறுநாள் இரண்டு பிடி. குழந்தைக்கும் அதேதான். போனில் ஒரு டாக்டரும் சொன்னார், வெளிநாட்டில் இப்படிக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துச் சரிசெய்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தானே சொல்வார்கள்.

மகனும் மருமகளும் கம்பெனி பஸ் ஏறிப் போனதும் நான் சானுவுக்கு ராகிக்கஞ்சி காய்ச்சிக்கொடுப்பேன். அதில் வறுத்துப் பொடித்த கடலையை ஊசிமுனை அளவு கலந்தேன். சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் உடம்பெல்லாம் தடிப்பு வரும். அது காணாக்கடி. என்ன பூச்சி கடித்தது என்று தெரியாமல் வரும் தடிப்பை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வெற்றிலையில் இரண்டு மிளகு வைத்து மெல்லச் சொல்லி, வேப்பிலையால் தடவிவிட்டால் சாயங்காலத்துக்குள் அமுங்கிவிடும். ஸ்வாதி வரும்போது குழந்தை விளையாடிக்கொண்டிருப்பாள். நாளாக ஆகச் சிட்டிகை வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். பள்ளிக்கூடம் சேர்வதற்குள் ஒரு கடலை உருண்டையை அவள் கையில் கொடுத்து, "இந்தா ஸ்வாதி, பாரு" என்று காட்ட வேண்டும் என்று இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் வியட்நாம் வந்தது. ஸ்வாதி துணி வாங்க, பெட்டி கட்ட என்று லீவு போட்டு வீட்டோடு இருந்தாள். கஞ்சியையும் அவளே கொடுத்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விட்டுப்போகிறதே என்று எனக்கு ஒரே தவிப்பு. யாரிடம் சொல்ல முடியும்? திருநீற்று டப்பாவைக் காலிசெய்து அதில் கடலைப்பொடியை அடைத்து எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் திருநீற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கப்பலில் முதல் நாள் சாயங்காலம் நன்றாகப் பொழுது போயிற்று. எங்கள் சுற்றுலாக் குழுவில் நஞ்சன்கூட்டு லிங்கம்மா என்று ஒருவர் வந்திருந்தார். அவரால்தான் சிரிப்பு.

"ஏனக்கா, சுடுதண்ணி வேணும்னு கையைக் காட்டுனா பீரு கொண்டாந்து வெக்கறானுங்க. என் மூஞ்சியில அப்பிடி எழுதியிருக்குதா?"

"குடிச்சுப் பாருங்க லிங்கம்மா, முட்டிவலி போயிரும்" என்றான் மகேந்திரன்.

"முட்டி போகுது கண்ணு, மானம் போயிட்டா திரும்பி வருமா?"

சமையலறையிலிருந்து ஓர் அம்மாள் வந்து கேரட்டில் ரோஜாப்பூ செதுக்கிச் சானுவின் காதோரம் வைத்துவிட்டுப் போனாள். நாற்பது வயது இருக்கும். பேச்சு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் குழந்தை அவள் பின்னாலேயே சுற்றினாள். ஸ்வாதி போனில் மொழிபெயர்த்துக் காட்டி, கடலை கூடாது, கடலை எண்ணெயும் கூடாது என்று அவளிடம் சொன்னாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சானுவுக்கென்று தனியாக ஒரு சட்டி எடுத்துவைத்தாள். அதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை எல்லோரையும் சின்னப் படகில் ஏற்றிக் குகை பார்க்கக் கூட்டிப்போனார்கள். குகைக்குப் படி அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். முட்டிக்காரர்கள் அதைக் கவனத்தில் வையுங்கள். நான் வரவில்லை என்றேன். குழந்தையும் என்னோடு இருக்கட்டும், அவ்வளவு படி அவளால் ஏற முடியாது என்றேன். ஸ்வாதி யோசித்தாள். பிறகு ஊசி இருக்கும் பையை என் மடியில் வைத்தாள். தொண்டை அடைத்தால் போடுவதற்கு டாக்டர் கொடுத்தது, பேனா மாதிரி இருக்கும்.

"அத்தை, வீங்கற மாதிரி தெரிஞ்சா யோசிக்கவே யோசிக்காதீங்க. தொடையில வெச்சு ஒரே அமுக்கு. துணி மேலயே போடலாம். கொத்தாயித்தா? புரிஞ்சுதா?"

"ஆச்சும்மா, எத்தனை தடவை சொல்லுவ. போய்ட்டு வா."

படகு குன்றுக்குப் பின்னால் மறைந்தது. கப்பலே அமைதியாகிவிட்டது. நான் கெட்டிலில் வெந்நீர் வைத்து, முளைகட்டிய ராகிமாவைக் கரைத்தேன். திருநீற்று டப்பாவைத் திறந்தேன். இத்தனை நாள் விட்டுப்போனதை ஈடுகட்ட வேண்டும் அல்லவா. இது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில்லை, இரண்டு நாள் மறந்தால் யாரிடமாவது போய்க் கேட்டுக்கொள்ள. எனக்கு நானேதான் கணக்கு. ஒரு முழுக் கரண்டி போட்டேன். வெல்லம் கொஞ்சம் தூக்கலாக.

சானு குடித்தாள். பாதியில் "சாக்கு அஜ்ஜி" என்றாள். போதும் என்கிறாள். "இன்னொரு வாய் சாமி" என்று முழுவதையும் குடிக்கவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் "பாயி கெரீத்திதெ" என்றாள், வாய் அரிக்கிறது என்று. வெற்றிலையும் மிளகும் கொடுத்தேன். மென்று துப்பினாள். உதடு தடித்தது. அது வழக்கம்தான். பிறகு குரல் கரகரத்தது. அது வழக்கமில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஊசியை எடுத்தேன். எனக்கு அதைப் போடத் தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் இன்றுவரை நம்புகிறார்கள். தெரியும். மருந்தில்லாத பயிற்சி ஊசியை வைத்து ஸ்வாதி எத்தனையோ தடவை என்னைச் செய்யவைத்திருக்கிறாள். மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். ஆனால் போட்டால், எதற்குப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கப்புறம் என் பேத்தியை என்னிடம் விடுவார்களா? நீங்களே சொல்லுங்கள். நான்கு பக்கமும் தண்ணீர், பாஷை தெரியாத ஊர், வயதான ஒருத்தி. நான் என்ன செய்ய முடியும்? இத்தனை தடவை அமுங்கினது இந்தத் தடவையும் அமுங்கும் என்று மூடியைத் திரும்பப் போட்டேன்.

குழந்தையைக் கட்டிலில் படுக்கவைத்தேன். டம்ளரைக் கழுவினேன். கரண்டியைக் கழுவினேன். பால்கனிக் கதவைத் திறந்து டப்பாவைத் தண்ணீரில் தட்டினேன். சின்னச் சின்ன மீன்கள் வந்தன. டப்பாவையும் போட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் அறைக்கதவைத் திறந்து ஆள் கூப்பிட்டேன்.

சமையல்கார அம்மாள்தான் முதலில் ஓடிவந்தாள். குழந்தையை வாரி எடுத்து நெஞ்சைத் தேய்த்தாள், ஏதேதோ சொன்னாள். மேலே யாரோ வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் அதே குன்றுகள். ஒருவரும் எங்கேயும் போக முடியவில்லை. சின்னப் படகு திரும்பி வந்தபோது, ஏணியில் ஏறும்போதே ஸ்வாதி "பென் எல்லி, பென் எல்லி" என்று ஊசி எங்கே எனக் கேட்டுக்கொண்டு வந்தாள். பையிலிருந்து ஊசியை எடுத்து அவளே போட்டாள். அப்போது அது தேவைப்படவில்லை.

"என்னம்மா சாப்பிட்டா? என்ன குடுத்தீங்க?" என்றான் மகேந்திரன்.

"நான் கஞ்சிதாஞ் சாமி குடுத்தேன். அந்தம்மா என்னமோ இலையில சுருட்டி இனிப்புன்னு ஊட்டுச்சு. நான் வேண்டாம்னு சொல்லறதுக்குள்ள முழுங்கிட்டா."

அந்த ஊர்ச் சமையலில் கடலை எங்கேயும் இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அம்மாள் இரண்டு வெறுங்கையையும் விரித்து விரித்துக் காட்டினாள். தனியாக வைத்திருந்த சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். துறையில் போலீஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. வேலை போய்விட்டதாகக் கேள்வி. வழக்கும் நடக்கிறதாம். கப்பலின் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை, சாப்பாடு சுத்தமாகவே இருந்தது.

சரியான நேரத்தில் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ஸ்வாதி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் போயிருக்கக் கூடாது அத்தை. அந்தப் பதட்டத்துல உங்களுக்குக் கை எப்படி வரும்? எல்லாம் என் தப்பு."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்த விஷயத்தில் அவளை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில், தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்துவிட்டது. சானுவுக்கு நான் தொடங்கியதே தாமதம். அதற்குமேல் இடையில் விட்டுப்போயிற்று. இரண்டுமே என் கையில் இல்லை. ஆனால் ஆண்டவன் கண் திறந்திருக்கிறான். ஸ்வாதிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. கவின்ராஜ். ஏழு மாதம் ஆகிறது, தாத்தாவின் அதே நெற்றி. இவனுக்கும் கடலை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், ஜாக்கிரதை என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். ஸ்வாதி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். "யார்கிட்டயும் விட மனசு வரல அத்தை, உங்களைத் தவிர" என்றாள்.

இந்தத் தடவை ஒரு நாளும் விட மாட்டேன். அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இப்படிப் பழக்கியவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். எந்த மாதத்தில் தொடங்கினீர்கள், முதல் நாள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.