வட்டத்தை வாபஸ் வாங்கிய மாலுமி அக்காவுக்கு

நகராட்சி வரைபடப் பிரிவின் தலைமை வரைவாளர் பணி நிறைவு பெறும் இந்நாளில், பிரிவினர் வாசித்து அளிக்கும் பாராட்டு மடல்

கோணல் தெருவையும் கோணாமல் வரைந்த கைக்கு உரியவரே! முட்டுச்சந்துக்கும் முகவரி தந்த முதல்வியே! மவுஸோடு மல்லுக்கட்டி, மனம் தளராமல் நின்று, மறுபடியும் மல்லுக்கட்டி வென்ற வீராங்கனையே! எங்கள் பெருமைக்கும் பேச்சுக்கும் சிரிப்புக்கும் ஒருங்கே காரணமான எங்கள் அன்பு அக்காவே! வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் பண்பின் சிகரமே, கருணைக் கடலே என்றெல்லாம் எழுத வேண்டுமாம். சிகரம் ஏற எங்களுக்கு மூச்சில்லை. கடல் என்ற சொல்லை உங்கள் முன்னால் சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை. அது ஏன் என்று இந்த அரங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்லிவிடுகிறோம்.

சாய்மேசையில் தாளை விரித்து, மை தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடிழுத்த நம் பிரிவுக்கு ஒருநாள் கணினிகள் வந்து இறங்கின. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனி எல்லா வரைபடங்களும் புவியியல் தகவல் மென்பொருளில்தான். பழகாதவர்கள் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள் என்றது அது. கிடங்கில் என்ன வேலை? ஓட்டைக் குழாய்களையும் கால் உடைந்த நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. பிரிவிலேயே மூத்தவர் நீங்கள் என்பதால் எல்லோர் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பியது. நீங்களோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பயிற்சியாளருக்கு நேர் எதிரே முதல் வரிசையில் போய் அமர்ந்தீர்கள்.

சாலை ஓர் அடுக்கு, வீடு ஓர் அடுக்கு, குழாய் ஓர் அடுக்கு என்று பயிற்சியாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது, “அட, நம்ம டிரேசிங் தாள்தானே! கிழியாது, அவ்வளவுதான்” என்றீர்கள். எங்களுக்குப் பாதி பயம் அப்போதே போயிற்று.

பிறகு வந்தது உங்கள் முதல் படம். ஊரின் தெருமுனைகளை எல்லாம் எண்களாகப் பதிந்து, எங்களையும் அழைத்து நிறுத்திவைத்து, பெருமிதத்தோடு பொத்தானை அழுத்தினீர்கள். திரை முழுக்க நீலம். அட்சரேகை எண்ணைத் தீர்க்கரேகைக் கட்டத்திலும், அதன் எண்ணை இதன் கட்டத்திலும் மாற்றிப் போட்டிருந்தீர்கள். நகராட்சி அலுவலகம், பேருந்து நிலையம், நாம் தேநீர் குடிக்கும் கடை உட்பட ஊர் மொத்தமும் எங்கோ ஒரு மகா சமுத்திரத்தின் நடுவில் மிதந்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். நீங்கள் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “எல்லாரும் பத்திரமாத்தான் இருக்காங்க. கொஞ்சம் நனைஞ்சிருக்காங்க” என்றீர்கள். அன்று முதல் நீங்கள் எங்களுக்கு மாலுமி அக்கா. அன்று முதல்தான் திரையில் வரைந்ததைத் தெருவில் நடந்து சரிபார்க்காமல் விடுவதில்லை என்ற உங்கள் பிடிவாதமும் தொடங்கியது.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. நகரத்தில் புதிதாகப் பெரிய மருத்துவமனை எழுந்ததும், ரயில் பாதைக்கு அப்பால் இருந்த சிறிய மருத்துவமனை இனி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. புதிய மருத்துவமனையைச் சுற்றி நடந்து போகும் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டுத் தரச் சொன்னார்கள். நீங்கள் போட்டீர்கள். இளஞ்சிவப்பில், மெல்லிய விளிம்போடு, பார்த்தவர் கண் படும்படி அத்தனை அழகான வட்டம். அப்பால் இருந்த தெருக்கள் அத்தனையும் அதற்குள் அடங்கின. சிறிய மருத்துவமனையை மூடிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது, திங்கட்கிழமை கையெழுத்து. படத்தை அலுவலக வாசலில் மாட்டும்படி ஆணையர் உத்தரவிட்டார். கிடங்குப் பேச்சை அத்தோடு எல்லோரும் மறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் நடந்து சரிபார்க்கவும், உங்கள் வட்டத்தை உங்கள் கணவருக்குக் காட்டவும் புறப்பட்டீர்கள். முழங்கால் வலிக்காரரைப் புதிய மருத்துவமனை வாசலிலிருந்து நடத்தியே கூட்டிப் போனீர்கள். ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று வந்து, தண்டவாளத்தை அடைத்துக்கொண்டு நின்றேவிட்டது. இதோ முதல் வரிசையில் சிரித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவர்தான் அப்போது கேட்டாராம்: “உன் வட்டம் அப்பவே தாண்டிப் போயிருச்சு. நாம எப்போ தாண்டுறது?”

நீங்கள் சிரிக்கவில்லையாம். பக்கத்தில் நிறைமாதப் பெண் ஒருவர், அப்பால் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்புவதற்காக, மாமியாரின் தோளைப் பிடித்தபடி காத்து நின்றார். அந்தச் சிறிய மருத்துவமனையும் மூடிய பின், வலி எடுத்த நேரத்தில் இவர் இதே கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தீர்களாம்.

திங்கட்கிழமை கூட்டத்தில் உங்கள் படத்துக்கு நீங்களே எதிரியாக எழுந்து நின்றீர்கள். வட்டம் நேராகப் பறக்கும் பறவைகளுக்குத்தான் பொருந்தும் என்று விளக்கினீர்கள். இத்தனை மாதப் பயிற்சி ஒரு வட்டத்துக்குக்கூட உதவவில்லையா, கிடங்குக்கே போகலாமே என்று ஓர் அதிகாரி கேட்டார். நீங்கள் நின்றபடியே சொன்னீர்கள்: “படம் தப்பு. வரைஞ்சவ நான். இத நம்பி எதையும் மூடாதீங்க. ஒரு வாரம் குடுங்க. முடியலன்னா கிடங்குக்கு நானே போறேன்.”

அந்த வாரத்தை எப்படி மறப்போம்! எங்களைத் திசைக்கொருவராக விரட்டினீர்கள். எந்தக் கேட் மூடும், எந்த நடைமேம்பாலத்தில் படிகள் அதிகம், எந்தச் சந்து சுவரில் முட்டும் என்று பார்த்து வந்து நாங்கள் சொல்ல, நீங்கள் பதிந்தீர்கள். சாலை வழியாகத் தூரம் அளக்கும் வித்தையைப் பயிற்சியாளரிடம் தொலைபேசியிலேயே கற்றீர்கள். பாவம், கடைசியில் அவர் ஹலோ சொல்வதையே விட்டுவிட்டு எந்தப் பொத்தான் என்று கேட்க ஆரம்பித்தார். தெருக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாததால், புதிய மருத்துவமனையிலிருந்து அதே மருத்துவமனைக்கு மட்டுமே போக முடியும் என்று மென்பொருள் ஒருநாள் அடித்துச் சொன்னது. தலையில் கைவைத்தோம், பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு தெருமுனையாக ஒட்டினோம். நாங்கள் இம்மென்பொருளை உண்மையில் கற்றது அந்த வாரத்தில்தான்.

முடிவில் திரையில் வந்தது கடித்துப் போட்ட பழம் போல ஓர் உருவம். ரயில் பாதையோரம் அது வெடுக்கென்று நின்றது. அப்பால் இருந்த தெருக்கள் எல்லாம் வெளியே விழுந்தன. இவ்வளவு அவலட்சணமாகவா இருக்கும் என்று ஆணையர் கேட்டார். “மனுஷங்க நடக்குற ஊரு இப்படித்தான் சார் இருக்கும்” என்றீர்கள். அவர் மூடல் கோப்பைக் கையெழுத்திடாமலே திருப்பி அனுப்பினார். அந்தச் சிறிய மருத்துவமனை இன்றும் திறந்திருக்கிறது. கேட்டருகே நின்ற பெண் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. நீங்கள் அவருக்குச் செய்தது எங்களுக்குத் தெரியும் அக்கா. உங்களோடு ஒரே அறையில் வேலை பார்த்தோம் என்பதில் எங்களுக்குப் பெருமை.

வாசலில் மாட்ட வேண்டிய அந்த வட்டத்தை உங்கள் மேசைக்கு மேலேயே மாட்டிக்கொண்டீர்கள். அதை எங்களிடமே விட்டுப் போகும்படி வேண்டுகிறோம். எங்களுக்கு அது அடிக்கடி தேவைப்படும்.

பதிலாக ஒரு படம் தருகிறோம். நடுவில் உங்கள் வீடு. சுற்றிலும் எங்கள் வீடுகள். ஓரங்கள் கோணல்மாணல்தான்; உருண்டையாக இருந்தால் நீங்கள் வாங்கவா போகிறீர்கள்! உடல்நலத்தோடும் உள்ளக் களிப்போடும், முழங்கால் வலிக்காரரோடு கைகோத்து நீடு வாழுங்கள். எங்கள் யார் வீட்டிலிருந்தும் உங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம் என்று இப்படம் காட்டுகிறது. மென்பொருளை நம்பிச் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும், ரயில் கேட்டில் காத்து நின்றது உட்பட, உங்கள் வாசல்வரை நடந்து பார்த்துவிட்டோம்.

இங்ஙனம்,
நடந்து வரும் தூரத்தில் இருக்கும்
வரைபடப் பிரிவினர்