கேட்டவருக்குத் தெரிந்த பெயர்

1936ஆம் வருடம், வாக்கெடுப்பு நாள், மாலை ஐந்து மணி.

என் பெயர் நல்லம்மா. வயது முப்பத்திநான்கு. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஏழாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வசிக்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். வேறொருத்தி பெயரில் வோட்டுப் போட வந்ததாக என்மேல் ஆள்மாறாட்டக் குற்றம் சொல்லப்பட்டிருப்பதைப் பொலிஸ் சார்ஜன் ஐயா விளக்கினார். என் விருப்பத்தின்படியே பேசுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் முத்துலிங்கம் என்பவர் எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் ஆறு வருடம் எங்கள் தோட்டத்தில், காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இந்தத் தேர்தலில் வேட்பாளர் ஆளுக்கொரு நிறப் பெட்டி; வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். அவர் பச்சைப் பெட்டிக்காரரின் ஏஜெண்டு. சிவப்புப் பெட்டிக்காரர் சபைக்குப் போனால் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்பதாகச் சொல்லியிருந்ததால், பச்சையில் போட முடியாது என்று பெண்கள் எல்லாரும் சொல்லிவிட்டோம். அவர் கேட்பாரோ மாட்டாரோ, வாயால் சொன்னவர் அவர் ஒருவர்தான். முத்துலிங்கம் கோபிக்காமல் சிரித்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இன்று நாங்கள் பெண்கள் பன்னிரண்டு பேர் வாக்கெடுப்பு நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதன்பின், உத்தியோகத்தர் எங்களில் முதலில் நின்ற ராக்கம்மாவின் பெயரை வாக்காளர் இடாப்பில் பார்த்து வாக்குச் சீட்டைக் கொடுக்கப் போகையில், பக்கத்துக் கதிரையில் இருந்த முத்துலிங்கம், இவள் வேறு ஆள், புருஷன் பெயரைக் கேளுங்கள் என்றார். எங்களில் கட்டியவர் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். தேவைப்பட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்வாள். நான் சொல்ல வாயெடுத்தேன். மற்றவர் சொல்லக் கூடாது என்று முத்துலிங்கம் தடுத்தார். ராக்கம்மா அழுதுகொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பின் பத்துப் பேர் அதே கேள்வியால் வோட்டுப் போடாமல் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள்.

கடைசியாக என்னையும் அதையே கேட்டார்கள். நான் முத்துலிங்கத்தைப் பார்த்து, "ஆறு வருசமா பெரட்டுக்களத்துல அவுக பேரக் கூப்புட்டு, அடுத்து எம்பேரக் கூப்புட்டது நீங்கதானுங்களே. நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் கூரையைப் பார்த்தார். போகமாட்டேன் என்று அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அதன்பின் பொலிஸ்காரர் என்னை இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்.

வழக்குப் போட்டால் தோட்டத்துத் துரை எங்களை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கொடுத்து லயத்தைவிட்டு அனுப்பிவிடுவார். எனக்கு மூன்று பிள்ளைகள். இதைச் சொன்னபோது, புருஷன் பெயரை நானே சொல்லி அது இடாப்போடு சரிவந்தால் வழக்கில்லை என்று சார்ஜன் ஐயா சொன்னார். சேதி கேட்டு மலையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். "சும்மா சொல்லு, எனக்கு ஒன்னும் ஆயிராது" என்றார். கறுப்பையா என்று சொன்னேன். கலியாணமாகிப் பதினேழு வருடத்தில் இதுவே முதல் தடவை. சொன்னபின் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பெயர் சரிவந்தது, வழக்கில்லை என்றார் சார்ஜன் ஐயா. அப்படியானால் இனிப் போய் வோட்டுப் போடலாமா என்று கேட்டேன். "நாலு மணியோட எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை. பெட்டியளுக்கு அரக்கும் வைச்சாச்சு" என்றார்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டியும் குறைத்தும் ஒன்றும் சொல்லவில்லை, நடந்தது இதுதான். எழுதத் தெரியாததால் விரல் வைக்கிறேன்.

கறுப்பையா மனைவி நல்லம்மா
(இடது பெருவிரல் அடையாளம்)