ஐந்தாவது கோடு

எங்கள் கட்டடத்துக் காப்பி இயந்திரத்தில் காலை ஏழு மணிக்கு முன்னால் எடுத்தால்தான் காப்பி வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். அதற்கப்புறம் வருவது பாத்திரம் கழுவிய தண்ணீர். இருபது வருடமாக ஆய்வகத்துக்கு நான் முதல் ஆளாக வருவதற்கு அதுதான் காரணம். விசாரணைக் குழுவில் நீங்கள் ஒருவர்தான் எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தீர்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயரில் முப்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. முதல் கட்டுரையில் ஒரு படம், அந்தப் படத்தில் ஒரு கோடு. பிரச்சினை அவ்வளவுதான்.

அது என்ன படம் என்று சொல்லிவிடுகிறேன். செல்களை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களைக் கூழ் போன்ற ஜெல்லில் ஓடவிட்டு, பிலிமில் பதிவெடுப்போம். தேடுகிற புரதம் இருந்தால் கறுப்பாக ஒரு கோடு விழும். இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ரத்தப் புற்றுச் செல்களில் ஒரு காவல் புரதம் காணாமல் போய்விடுகிறது, என் மருந்தைப் போட்டால் அது திரும்ப வரும் என்பது என் கணிப்பு. முதல் நான்கு இடங்கள் ஒப்பிட்டுப் பார்க்க. ஐந்தாவது இடம் மருந்து போட்ட செல்களுக்கு. அங்கே கோடு விழ வேண்டும்.

பத்தொன்பது தடவை செய்தேன். விழவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை இது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வேலை ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது. கட்டுரை வராவிட்டால் மேசையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. பத்தொன்பதாவது பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு, பிலிம் கழுவும் இருட்டறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பயமாக இருந்தது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து கணினி முன் உட்கார்ந்தேன். மூன்றாவது இடத்தில் எப்போதும் கோடு விழும். ஏனென்றால் அங்கே தயாராக வாங்கிய புரதத்தையே ஊற்றுவோம். அந்தக் கோட்டைப் பிரதியெடுத்து, இடவலமாகத் திருப்பி, ஐந்தாவது இடத்தில் வைத்தேன். வரப்போகிற கோட்டுக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். உண்மையானது கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தேன்.

அந்தக் கட்டுரையை முதலில் படித்தவள் என் அக்கா. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள், ஒரு புள்ளி தப்பாது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை போனாள்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்குடா. அஞ்சாவதுக்குக் கீழ எழுதியிருக்கியே, அதுல ஒரு கமா விட்டுப்போச்சு" என்றாள்.

கமாவைப் போட்டேன். கட்டுரை வந்தது. வேலை நிரந்தரமானது. மற்ற முப்பது கட்டுரைகளும் அதன்மேல் எழுந்தவை. முப்பத்தொன்றையும் அக்கா ஒரு பச்சைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, எடுத்துக் காட்டாமல் விடமாட்டாள். ஒரு நிறுவனம் என் மருந்தை வாங்கியது. எலிக்குக் கொடுத்தார்கள், ஆபத்தில்லை என்றார்கள். போன வருடம் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது.

அதே வருடம் அக்காவுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது.

மருத்துவர் நல்ல பெண்மணி. எதையும் மறைக்கவில்லை. பழைய மருந்து இருக்கிறது, முடி கொட்டும், வாந்தி எடுத்தே ஆள் பாதியாகிவிடுவார், ஆனால் பத்துப் பேரில் ஆறு பேர் எழுந்து நடமாடுகிறார்கள் என்றார். புதிய மருந்துச் சோதனையில் சேர்ந்தால் பழையதைத் தள்ளிவைக்க வேண்டும். புதியது கேட்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் பழையதற்குத் திரும்பிவிட வேண்டும், தாண்டினால் அதுவும் கேட்காது என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன் மருந்துதானேடா? நீ சொல்லு, சேரட்டுமா?"

வாயைத் திறந்தேன். மருத்துவர் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் இஷ்டம் அக்கா" என்றேன்.

சேர் என்று நான் சொல்லவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மாணவியைப் பற்றி. ஆய்வகத்தில் அவளை எறும்பு என்போம். பேச்சு கிடையாது, நாள் முழுக்க எதையாவது எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கை பழகுவதற்காகப் பழைய கட்டுரையிலிருந்து ஒரு சோதனையைக் கொடுப்பது வழக்கம். நான் ஊரில் இல்லாத வாரத்தில் யாரோ அவளுக்கு அந்த ஐந்தாவது கோட்டைக் கொடுத்துவிட்டார்கள். அக்கா சோதனையில் சேர்ந்து மருந்தெடுக்கத் தொடங்கி நான்காவது வாரத்தில் எறும்பு என் அறைக்கு வந்தாள்.

"சார், ரெண்டு தடவ பண்ணிட்டேன். கோடு வரல."

"கை பழகணும்மா."

"மத்த நாலும் சரியா வருது சார்." நோட்டைத் திறந்து காட்டினாள். "இந்த மருந்ததான் இப்ப மனுஷங்களுக்குக் குடுக்கிறாங்க. சோதனைக் குழுவுக்கு ஒரு வார்த்த எழுதிடலாமா?"

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. நான் போட்டதுதான். எந்த முடிவானாலும், தனித்தனியாக வளர்த்த செல்களில் மூன்று தடவை வந்தால்தான் வெளியே சொல்லலாம். இரண்டு தடவை வந்தது எங்களுக்குள் வெறும் பேச்சு.

"மூணாவது முடியட்டும். முடிஞ்சதும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்" என்றேன். எறும்புக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் காலை காப்பியைக் குடித்துவிட்டு, செல்கள் வளரும் பெட்டியைத் திறந்தேன். அவள் பெயர் எழுதிய செல் தட்டுகள் மேல் அடுக்கில் இருந்தன. கை துடைக்க வைத்திருக்கும் ஆல்கஹாலில் ஒவ்வொன்றுக்கும் நான்கு சொட்டு விட்டேன். ஒரு தட்டு முடிந்ததும் சொட்டு விடும் பிப்பெட்டின் முனையை மாற்றினேன். மற்றவர்களுடைய தட்டுகளுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது அல்லவா, அதில் நான் எப்போதுமே கறார்.

செல்கள் செத்தன. புதிதாக வளர்த்தாள். வளர்க்க ஒன்பது நாள், கொல்ல ஒரு காலைப்பொழுது. இப்படிப் பதினோரு தடவை. அவள் கையுறை நிறுவனத்தை மாற்றினாள், தண்ணீரை மாற்றினாள், பெட்டியைத் தானே கழுவினாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள். ஒருநாள் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று, உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கைராசியே இல்ல சார். வேற வேல பாத்துக்கட்டுமா?"

"அதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்மா. விடாம பண்ணு" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அக்காவுக்காகச் செய்தேன். வாரம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் அந்த மருந்தை விழுங்கும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பி கண்டுபிடித்தது என்று நர்ஸிடம், பக்கத்துப் படுக்கைக்காரியிடம், தரை துடைக்க வருகிறவரிடம் என்று ஆள் விடாமல் சொல்வாள். நம்பிக்கையே பாதி வைத்தியம் என்று எல்லோரும்தானே சொல்கிறார்கள். எறும்பின் கடிதம் போயிருந்தால் சோதனை நின்றிருக்கும். அக்காவின் நம்பிக்கை என்ன ஆகியிருக்கும்? பழைய மருந்துக்குத் திரும்பியிருப்பாள் என்கிறீர்கள். உண்மைதான். இரண்டு மாதம் முடிய அப்போது நான்கு வாரம் பாக்கி இருந்தது. நாட்காட்டியில் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்றுதான் மாடிக்கு ஏறினேன். ஒவ்வொரு நாளும் மேசைமேல் அந்தப் பச்சைக் கோப்பு இருந்தது. தலையணையைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடுவேன்.

நான்கு வாரமும் போயிற்று.

அதற்கப்புறம் அவள் சீக்கிரமாகவே இளைத்தாள். கடைசி வாரம் அந்தப் பச்சைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு முதல் கட்டுரையைத் திறந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் படத்தை மூக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். மூன்றாவது கோட்டின் இடது ஓரத்தில் ஜெல்லில் இருந்த குமிழால் விழுந்த வெள்ளைப் புள்ளி ஒன்று உண்டு. ஐந்தாவது கோட்டில் அதே புள்ளி வலது ஓரத்தில் இருக்கும். பன்னிரண்டு வருடமாக எந்த நிபுணர் கண்ணிலும் அது படவில்லை.

"இத நான் அப்பவே பாத்திருக்கணும்டா" என்றாள். கோப்பை மூடி என் கையில் கொடுத்தாள். எதைச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கமாவைப் பற்றியாகவும் இருக்கலாம்.

எறும்பு கெட்டிக்காரி. பன்னிரண்டாவது தடவை தன் பெயரை வெறும் தண்ணீர்த் தட்டுகளில் எழுதிவிட்டு, தன் செல்களை ஆய்வக உதவியாளர் பெயரில் வளர்த்திருக்கிறாள். நான் தண்ணீருக்கு ஆல்கஹால் விட்டுக்கொண்டிருந்தபோது, கீழ் அடுக்கில் அவள் செல்கள் சுகமாக வளர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது முடிவும் வந்துவிட்டது. ஐந்தாவது இடத்தில் கோடு இல்லை. விதிப்படிதான் உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆய்வகக் கதவின் பதிவேட்டை என் பக்கம் திருப்புகிறீர்கள். தெரிகிறது. பன்னிரண்டாவது தடவை, பதினேழாம் தேதி காலை ஆறு ஐம்பது. அக்கா போனது பதினாறாம் தேதி மத்தியானம். எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, கொஞ்சம் தூங்கி, வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு யாருடைய நம்பிக்கையைக் காப்பாற்றினேன் என்று கேட்கிறீர்கள். காப்பி நன்றாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை நான் வைத்தேன். செல்களை நான் கொன்றேன். அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த மருந்தில் இருந்த நான்கு மாதமும் அக்காவின் ரத்தத்தைக் கொஞ்சம் வாங்கி என் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன், இரண்டாவது அடுக்கில், நீல மூடி போட்ட குழாய்கள். யாரும் கொட்டிவிட வேண்டாம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அதை நானே ஜெல்லில் ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டும். இந்தத் தடவை ஐந்தாவது இடத்தில் கோடு வரும் என்று தோன்றுகிறது.