முகம் மறைக்காத படம்

சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றாலும் உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது சார். நான் பயந்த சுபாவக்காரன். அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு மொபைல் கடை மாடியில் நானும் என் மனைவி நாகஜோதியும் நான்கு வருடமாக 'முகத்திரை' என்ற வீடியோ பக்கத்தை நடத்துகிறோம். பெண்களிடம் வாலாட்டுகிறவர்களை ஊரறியக் காட்டுவோம். பஸ்ஸில் உரசியவன், டியூஷனில் கை வைத்தவன் என்று பதினோரு பேரைக் காட்டியிருக்கிறோம். எல்லாரும் காசில்லாதவர்கள்.

காசுள்ளவர்களைக் கவனிக்கிற விதம் வேறு. பக்கத்தில் போடும்போது பெண்ணின் முகத்தை மறைத்துவிடுவோம். மறைத்த படத்துக்கெல்லாம் பெரிய மனிதர்கள் மசிய மாட்டார்கள். அதனால் மாடிக்கு வரவழைத்து, மறைக்காத படத்தை ஒரு முறை போட்டுக் காட்டுவோம். பணம் வந்ததும் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுவோம். தொழிலில் நாணயம் வேண்டும் அல்லவா. இப்படி இரண்டு பேர் கொடுத்தார்கள். அந்தப் படங்களில் இருந்த இரண்டு பெண்களும் ஊரைக் காலிசெய்துவிட்டதாகக் கேள்வி. எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவள் முத்துப்பேச்சி. ஓடைப்பட்டியில் கருத்தக்கண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குக் குலை வெட்டப் போகிறவள். பூச்சிமருந்து வைக்கிற அறையில் முதலாளி தன்னை மடக்கியதை, மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்திருந்தாள்.

"அவுகளுக்கு நான்னு தெரியவே கூடாதுக்கா. தெரிஞ்சா கொன்னே போடுவாக" என்றாள்.

"யாருக்கும் தெரியாது ஆத்தா, தைரியமா போ" என்றாள் நாகஜோதி.

மறுநாள் காலையில் கருத்தக்கண்ணனை வரவழைத்தேன். எத்தனையோ பேரை மடக்கியவர், இது எவள் என்று படத்தைப் போடும்வரை அவருக்குத் தெரியவில்லை. படம் ஓடி முடிந்ததும், "இவதானா" என்று மட்டும் சொன்னார். கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். எங்களிடம் இருந்த படத்தை அவர் கண்முன்னாலேயே அழித்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் முத்துப்பேச்சி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். தோட்டத்து ஜீப் இரண்டு நாளாக அவள் தெருவிலேயே நிற்கிறதாம்.

"நீங்க எதுவும் சொல்லலேல்ல அண்ணே?"

இல்லை என்றேன்.

"அப்ப தேனிக்கு, மகளிர் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. போன்ல படம் இன்னும் கெடக்கு. உங்ககூட வந்தா எனக்குப் பயமில்ல."

அந்தப் போன் ஸ்டேஷனுக்குப் போனால் கருத்தக்கண்ணன் என்னை விடமாட்டார், நீங்களும் விடமாட்டீர்கள். பயந்தவன் வேறு என்ன செய்வான், சொல்லுங்கள். பின்பக்கம் போய் அவருக்குப் போன் போட்டேன். "கூட்டிட்டு வா" என்றார்.

அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு சின்னமனூர் ரோட்டில் திரும்பினேன். "அண்ணே, தேனி அங்கனல்ல இருக்கு" என்றாள். சின்னமனூரில் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றேன். நம்பினாள். சின்னமனூர் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது சார், அதை யாரும் நினைப்பதில்லை.

தோட்டத்து வாசலில் ஜீப் நின்றது. அவளை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினேன். லோயர் கேம்ப் பக்கம் கால்வாயில் நேற்று நீங்கள் எடுத்த உடம்பு முத்துப்பேச்சியுடையதுதான். கொண்டுபோய்க் கொடுத்தது நான். மறைக்க ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் இதுவரை எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை. ஜீப்பைப் பார்த்ததும் அவள்தான் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமான பிடி சார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.