மூணு விரல் நுழையணும்

…இல்ல சார், ஊசியப் பாத்தா எல்லாரும்தான் கண்ண மூடிக்கறாங்க, நீங்க மட்டுமில்ல. முடிஞ்சுது. அவ்வளவுதான். இன்னும் அஞ்சு நிமிஷத்துல பாதி உதடு வேற யாரோட உதடோ மாதிரி கனக்கும். அது மரக்கறதுக்குள்ள ஒரு சின்ன வேலை. உங்க மூணு விரலச் சேத்து, இப்படி நட்டுக்க வச்சு, வாய்க்குள்ள விடுங்க. ஆமா, உங்க விரல்தான். எல்லாருக்கும் பாக்கறதுதான் இது. நுழையுதா? தாராளமா நுழையுது. சரி, எடுத்துடுங்க.

காரம் பட்டா எங்கயாவது எரியுதா? இடது கன்னத்துலயா? எத்தனை நாளா? ரெண்டு மாசமா… சரி. சும்மாதான் கேட்டேன், எழுதிக்கணும்ல.

நான் கடைசி வருஷம் சார். பயப்படாதீங்க. சீஃப் டாக்டர் அதோ நடந்துட்டிருக்காரு பாருங்க, பதினாறு நாற்காலிக்கும் அவர் ஒருத்தர்தான். உங்க கடவுள் மாதிரிதான்னு வச்சுக்கங்க. எல்லா இடத்துலயும் இருக்காரு, ஆனா கூப்பிட்டா வர நேரமாகும்.

உங்களத் தெரியுமாவா? பெரியண்ணாவத் தெரியாதவங்க உண்டா? வாரா வாரம் பிரார்த்தனைக் கூடத்துல முந்நூறு பேர் முன்னாடி ரெண்டு மணி நேரம் பேசற வாயாச்சே. அந்த வாய்க்குள்ள இன்னிக்கு நான் கை வைக்கறேன், என் பாக்கியம்.

நானா? இல்ல சார், நான் நம்பறவ இல்ல. முகம் ஏன் சுருங்குது? உங்க பல்லுக்கு அது தெரியவா போகுது! சரி, ஆ காட்டுங்க. இன்னும். பஞ்சு வைக்கறேன், எச்சில் இழுக்கற குழாய் வைக்கறேன். இனிமே பேச முடியாது. வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன். வேற எதுக்கும் தூக்காதீங்க.

மெஷின் கொஞ்சம் சத்தம் போடும். நீங்க பேசாம இருக்கறது உங்களுக்கே பழக்கமில்லாததால நான் ஒரு கதை சொல்றேன், கேட்டுட்டே இருங்க.

ஒரு அம்மா. ரெடிமேட் துணி தைக்கற இடத்துல காலர் பிரிவுல வேலை. ரெண்டு கையும் துணியில இருக்குமா, குண்டூசியெல்லாம் வாயிலதான். ஏழெட்டு ஊசிய இடது கன்னத்தோரமா கடிச்சுப் பிடிச்சுக்கிட்டே மேஸ்திரியையும் திட்டுவாங்க. ஒரு ஊசி கீழ விழாது. அப்படி ஒரு வாய். புருஷன் போய் ஏழு வருஷம், ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுக்கும் அதே வாய்தான். காலேஜ் பட்டிமன்றத்துல கடவுள் இல்லன்னு பேசிப் பேசிக் கோப்பை வாங்கிட்டு வருவா. அம்மா அந்தக் கோப்பையத் துடைச்சு அலமாரில வச்சிட்டு, அதுக்கு முன்னாடியே நின்னு கண்ண மூடிக் கும்பிடுவாங்க. ஏம்மா என்னை அசிங்கப்படுத்தறன்னு கத்துவா அவ. உன்னை இல்லடி, உனக்குப் புத்தி குடுத்தவரத்தான் கும்பிடறேன்ம்பாங்க.

இன்னும் கொஞ்சம் தொறங்க. தாடையத் தளர்த்துங்க. ம்.

அந்தம்மாவுக்குக் கன்னத்துக்குள்ள ஒரு வெள்ளைத் திட்டு. ஊசி குத்தின புண்ணுன்னு நினைச்சுக்கிட்டாங்க. அஞ்சு மாசமாச்சு, ஆறல. ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மூணு மணி நேரம் நின்னாங்க சார், உக்கார இடமில்ல. உள்ள போனா, அந்த டாக்டர் தலையே நிமிரல. களிம்பு எழுதினாரு, அடுத்த ஆளுன்னாரு. சாயங்காலம் கூட வேலை செய்யற ஒருத்தி கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஒருத்தர் எந்திரிச்சு வந்து நாற்காலி போட்டாரு. தண்ணி குடுத்தாரு. சாப்பிட்டியாம்மான்னு கேட்டாரு. ஏழு வருஷமா அந்தம்மாவ யாருமே கேக்காத கேள்வி. உடைஞ்சு போய் அழுதாங்க.

மனுஷங்க ஏன் நம்பறாங்கன்னு எங்க காலேஜ் கட்டுரைப் போட்டில பக்கம் பக்கமா எழுதுவோம். பயம், அறியாமை, பழக்கம். நானே எழுதி முதல் பரிசு வாங்கியிருக்கேன். எல்லாம் சரிதான். ஆனா ஒரு வரி விட்டுப்போச்சு, நாற்காலி. எங்க பக்கம் நியாயம் இருந்துச்சு, நாற்காலி இல்ல. உங்ககிட்ட நாற்காலி இருந்துச்சு. நான் அத மறுக்கல.

கைய ஏன் தூக்கறீங்க? வலியா? இல்லியே, கண்ணுல வலி தெரியலியே. யாருன்னு ஞாபகம் வந்துடுச்சா? ஆமா, அவங்களேதான். முன்வரிசைல பாதி முகத்த சால்வையால மூடிட்டு உக்காருவாங்களே, அவங்கதான். கைய இறக்குங்க. மெஷின் ஓடறப்போ அசையக் கூடாது, நரம்பு பக்கத்துலயே இருக்கு.

எந்திரிக்கணும்னா எந்திரிங்க சார். நான் கட்டி வைக்கல. பாதி தோண்டின பல்லோட போகணும், அவ்வளவுதான். …இருக்கீங்களா? நல்லது.

அந்தம்மா உங்ககிட்ட வாயத் தொறந்து காட்டினாங்க. நீங்க டார்ச் கூட அடிக்கல. பாக்காமலே சொன்னீங்க. வாயில ஒண்ணுமில்லம்மா, வீட்டுல சந்தேகம் இருக்கு, உன் பொண்ணோட சந்தேகம்தான் உனக்குப் புண்ணா வந்திருக்கு. வாயில வந்தத வாயாலதான் தீக்கணும். நாப்பது நாள் ஒரு வார்த்தை பேசாதன்னு. சொன்னீங்களா இல்லியா? தலைய ஆட்டாதீங்க, கண்ண மட்டும் சிமிட்டுங்க.

பொண்ணு ரெண்டாம் வருஷம் பல் டாக்டருக்குப் படிச்சிட்டிருந்தா. அம்மா, ஒரே ஒரு துணுக்கு எடுத்துச் சோதிச்சுப் பாக்கலாம், எங்க காலேஜ்லயேன்னு கெஞ்சினா. அம்மா ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் காட்டினாங்க: பெரியண்ணா பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இவளுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. யாரோ ஒரு ஆளு என்னையே வியாதின்னு சொல்லியிருக்கான், நீ அதக் கேட்டுட்டு வந்து எங்கிட்டயே வாய மூடிக்கறியா? சரி, உன் கடவுள் எப்ப பேசச் சொல்றாரோ அப்ப பேசு, அதுவரைக்கும் நானும் பேசலன்னுட்டா.

பேசல சார். முப்பத்தோரு நாள். ரெண்டே அறை வீடு, நடுவுல அடுப்பு. அவங்க இந்தப் பக்கம் மௌனம், இவ அந்தப் பக்கம் மௌனம். அவங்களுது பக்தி, இவளுது கொள்கை. பிடிவாதத்துல ரெண்டும் ஒரே பானைச் சோறுதான். இவ மனசுக்குள்ள தினமும் பட்டிமன்றம் நடத்தி தினமும் ஜெயிச்சா. அடுப்படில அம்மா கஞ்சிய மட்டும் குடிக்கறதப் பாத்தா, விரதம்னு நினைச்சா. கழுத்தச் சாய்ச்சு ஒரு பக்கமா ஊத்திக்கறதப் பாத்தா, நடிப்புன்னு நினைச்சா. வேலை செய்யற இடத்துல எல்லாரும் கையெடுத்துக் கும்பிடறாங்களாம், என்ன வைராக்கியம்டி உங்கம்மாவுக்கு, அந்த வாய் இப்படி அடங்கிடுச்சேன்னு. கூடத்துல நீங்க எந்திரிச்சு நிக்க வச்சுக் காட்டினீங்களாமே, மௌனம்னா இது மௌனம்னு.

மௌனமில்ல சார் அது. அவங்களால வாயத் தொறக்க முடியல.

சூடா இருக்கா? தண்ணி தெளிக்கறேன், குழாய் இழுத்துக்கும், விழுங்காதீங்க.

முப்பத்திரண்டாம் நாள் காலைல, பல் தேய்க்கற இடத்துல அம்மா நின்னுட்டிருந்தாங்க. பிரஷ் உதட்டத் தாண்டி உள்ள போகல. திருப்பித் திருப்பி வச்சுப் பாக்கறாங்க. கண்ணுல தண்ணி. முந்தின வாரம்தான் வகுப்புல சொல்லிக் குடுத்திருந்தாங்க, மூணு விரல் நுழையணும்னு. மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவுல அவங்கவங்க விரல் மூணு, இல்லேன்னா வாய்க்குள்ள ஏதோ வியாதி. இவ பக்கத்துல போயி, அம்மாவோட கையப் பிடிச்சு, விரல வச்சுப் பாத்தா. ஒண்ணு நுழையல. ஒண்ணு கூட.

கேன்சர். பதினோரு மணி நேர ஆபரேஷன். இடது தாடை, பாதி நாக்கு. இப்பவும் காலர் தைக்கறாங்க, ஊசிய மணிக்கட்டுல பஞ்சு கட்டிக் குத்திக்கறாங்க. மேஸ்திரியத் திட்டறதில்ல.

இப்ப இந்தக் கதைல எனக்குப் பிடிச்ச இடம் எது தெரியுமா? ஆறு மாசம் கழிச்சு அவங்க மறுபடியும் கூடத்துக்கு வந்தாங்களே, நீங்க மேடைல கூப்பிட்டு நிறுத்தி, பாருங்க, நம்பிக்கை இந்தம்மாவ சாவுலேர்ந்து மீட்டுச்சுன்னு சொன்னீங்களே, அதான். அறுத்தது ஒருத்தர், கும்பிடு வாங்கினது ஒருத்தர்! பூ விழுந்தா நான் ஜெயிச்சேன், தலை விழுந்தா நீ தோத்தங்கற ஆட்டம் இது. ஆறினா கடவுள், ஆறலேன்னா வீட்டுல இருக்கற பொண்ணு. அவங்களால மறுத்துப் பேச முடியாது. பேசற நாக்கு எந்தக் குப்பைல போச்சோ. அதனால தலைய ஆட்டினாங்க. முந்நூறு பேர் கை தட்டினாங்க. அன்னிக்குக் கடைசி வரிசைல நான் நின்னுட்டிருந்தேன்.

ஆமா, நான்தான். அந்தப் பொண்ணு நான்தான். கண்ணு ஏன் இவ்வளவு விரியுது? அம்மாவுக்கு நீங்க பெரியண்ணா. அப்ப எனக்கு மாமா முறை. தாய்மாமன். இனிமே சார் எதுக்கு, மாமான்னே கூப்பிடறேன்.

வேர்க்குது உங்களுக்கு, துடைச்சு விடறேன் இருங்க. என்ன பயம் மாமா? முன்ன பின்ன தெரியாத ஒருத்தி சொன்னான்னு தலைய சாய்ச்சு, வாயத் தொறந்து, கண்ண மூடிட்டீங்க. என் கையில என்ன இருக்குன்னு கூடப் பாக்கல. இதுக்குப் பேருதான் நம்பிக்கை. அம்மா உங்ககிட்ட வச்சதும் இதேதான். ஒரே வித்தியாசம், நான் வாய்க்குள்ள பாத்தேன்.

அடைக்கப் போறேன். இது இறுகணும், நாலு நிமிஷம் அசையாதீங்க.

அம்மா இன்னும் நம்பறாங்க, அதான் எனக்குத் தாங்கல. அந்த சர்ஜனக் கடவுள்தான் அனுப்பினாருன்னு எழுதறாங்க. அப்ப வியாதிய யாரு அனுப்பினாருன்னு நான் கேட்டேன். நோட்டுல ரொம்ப நேரம் எழுதி, அடிச்சு, திரும்ப எழுதிக் காட்டினாங்க: உனக்குப் புரியற வரைக்கும் நீ கேக்கற. எனக்குத் தாங்கற வரைக்கும் நான் நம்பறேன். ரெண்டு பேரும் சாப்பிடலாம் வா. இதுக்கு எந்தப் பட்டிமன்றத்துல பதில் இருக்கு, சொல்லுங்க? சொல்ல முடியாதுல்ல. நான் தட்ட எடுத்துட்டுப் போய் அவங்க பக்கத்துல உக்காந்தேன்.

அவங்கள மன்னிச்சுட்டேன். என்னை மன்னிக்கல. உங்கள மன்னிக்கற உத்தேசமே இல்ல.

பல்லு முடிஞ்சுது. நல்லாவே அடைச்சிருக்கேன், இருபது வருஷம் வரும். அதுல நான் கோபத்தக் காட்டல, பயப்படாதீங்க. கண்ணாடிய மட்டும் இன்னொரு தடவை இடது கன்னத்துக்கு விடறேன். காரம் பட்டா எரியுதுன்னீங்களே, அங்க. ம்.

யாரு சொல்லி இங்க வந்தீங்க மாமா? முன்வரிசை அம்மா ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாங்க, பல் காலேஜுக்குப் போங்க, பதினொண்ணாம் நம்பர் நாற்காலி கேளுங்கன்னு. இல்லியா? அந்த நாற்காலில யாரு இருப்பான்னு நீங்க கேக்கல. பேச முடியாதவங்ககிட்ட யாருதான் எதிர்க்கேள்வி கேக்கறாங்க? எனக்கும் ஒரு சீட்டு வந்துச்சு. கோட்டுப் பையிலதான் இருக்கு, படிக்கறேன். பெரியண்ணா தண்ணி குடிக்கறப்போ முகத்தச் சுளிக்கறாரு. எனக்கு வந்த அதே பக்கம். நல்லாப் பாரு. கோபத்த வீட்டுலயே வச்சிட்டுப் போ.

வீட்டுல வைக்கல. எடுத்துட்டுத்தான் வந்தேன். ஒண்ணுமில்ல மாமா, வாயில ஒண்ணுமில்ல, மனசுலதான் ஏதோ சந்தேகம், போயிட்டு வாங்க. இத்தனை வார்த்தையும் தொண்டை வரைக்கும் வந்துச்சு. உங்க வார்த்தைதானே, மனப்பாடம் எனக்கு.

ஆனா இருக்கு. வெள்ளைத் திட்டு, நகம் அளவு. இதோ, கைக்கண்ணாடில பாருங்க. ஊசி போடறப்போ நீங்க கண்ண மூடியிருந்தப்பவே சீஃப் டாக்டரக் கூப்பிட்டுக் காட்டிட்டேன், அவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். துணுக்கு எடுத்துப் பாத்தாதான் தெரியும். உங்களுக்கு இன்னும் மூணு விரல் நுழையுது, அது பெரிய விஷயம். இந்தாங்க சீட்டு. தேதி, நேரம் எல்லாம் எழுதியிருக்கு. உங்க கூட்டம் நடக்கற அதே நாள், கூட்டத்துக்கு நடுவுல, காலைல பத்து மணி. சாயங்காலமும் காலியாத்தான் இருந்துச்சு. வேணும்னேதான் காலைல போட்டேன். முந்நூறு பேர்கிட்ட சொல்லிட்டு வாங்க, எங்க போறீங்க, எதுக்குப் போறீங்கன்னு. அம்மா முன்வரிசைல உக்காந்து கேட்டுட்டிருப்பாங்க. இந்தத் தடவை நானும் முன்வரிசைதான்.

எவ்வளவு நேரமாச்சு? சரியா நாப்பது நிமிஷம். பஞ்ச எடுத்துட்டேன்.

இப்ப வாய மூடிக்கலாம் மாமா.