கன்னியம்மா போட்ட தொப்பி

அய்யய்யோ, ஈரத்துணிய படத்துக்குப் பின்பக்கம் வைக்காதீங்க சார்! கண்ணாடிக்குப் பின்னால வரைஞ்ச படம், பெயிண்டு பூரா அந்தப் பக்கந்தான கீது. இன்னா சிரிக்கிறீங்க? மெட்ராஸ்லேர்ந்து வெல பாக்க வந்தவருக்கு மீன்காரி வச்சலா பாடம் எடுக்குறாளேன்னா? போன போகிக்கு எங்க வூட்டுக்காரரு சுதாகரு இப்பிடித்தான் சோப்புத்தண்ணியத் தூக்கிகினு வந்தாரு. மூலையில பூக்கொடி அழிஞ்சிருக்குல்ல, அது அவரு கைங்கரியம்.

அவரு உங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கப் போயிருக்காரு, பத்து நிமிசம் ஆவும். எங்க மீன்புடி போட்டு இன்ஜின் புட்டுக்குச்சு சார். இத வித்துப் புதுசு போடணும்னுதான் உங்கள வரச் சொன்னாரு. சாமிய விக்கலாமாய்யான்னு கேட்டா, டிஜிட்டல்ல பெருசா ஒண்ணு போட்டு மாட்டிக்கலாங்கிறாரு. எப்பிடி கீது கத?

கொஞ்சம் வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிங்க. கண்ணாடி அலையலையா நெளியுதா? நடுவுல குட்டிக் குட்டியா குமிழி கீதா? மிசின்ல செஞ்சது இப்பிடி இருக்காது. லென்சுல புள்ளி புள்ளியாத் தெரிஞ்சா பிரிண்டு, இதுல தெரியாது. என் பொண்ணு இஸ்கூல் லென்ச வச்சு எப்பவோ பாத்துட்டேன். ஆணியும் கையால அடிச்ச ஆணி. கண்ணு மூக்க மொதல்ல வரைஞ்சு, வானத்தக் கடைசில பூசுவாங்களாமே? யூடியூப்புதான் சார், வேற யாரு சொல்லித் தருவா.

ஆங், பொட்டுக்குக் கீழ பாத்துட்டீங்களா! சாமி இல்லதான். இந்த வூட்டுல நாலு தலமொறையா கன்னியம்மான்னு கும்புடுறாங்க. வெள்ளிக்கெழமையானா பொட்டு, தல மறையிற மாதிரி மால. நான் கல்யாணமாயி வந்த புதுசுல மாலைய எடுத்துத் தொடைக்கிறேன், பாத்தா வெள்ளக்காரி! தொப்பி! கவுனு! கையில விசிறி! தூக்கிவாரிப் போட்டுச்சு. கம்முனு மாலையத் திருப்பி மாட்டிட்டேன். பதினெட்டு வருசமா மூச்சு வுடல.

ஏன்னா... நான் படாளம் சார். நெல்லுக்காட்டுப் பொண்ணு. இவர லவ்வு பண்ணி சதுரங்கப்பட்டினத்துக்கு ஓடியாந்தேன். எங்க வூட்டுல தலமுழுகிட்டாங்க. இங்க எனக்கு ஒரு மீனு அரியத் தெரியாது, ஊரே சிரிக்கும். அவரு கடலுக்குப் போயிட்டா இவகிட்டதான் அழுவேன், இவளத்தான் திட்டுவேன். வெளியூர்லேர்ந்து இந்த வூட்டுக்கு வந்தவங்க நாங்க ரெண்டு பேருந்தான் சார்.

இன்ஜினுக்கா? என் கழுத்துச் செயின் கீதே. பொண்டாட்டி நகையத் தொட மாட்டேன்னு ரோசம் அவருக்கு. படம் போணியாவலன்னா செயின வாங்கிக்கினுதான ஆவணும்.

வண்டிச் சத்தம் கேக்குதா, வந்துட்டாரு. டூப்ளிகேட்டுப்பா, எரநூறு ரூபா கூடத் தேறாதுன்னு சொல்லிடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவரு மூஞ்சியப் பாத்தே சொல்லுங்க. என்னப் பாத்தீங்கன்னா சிரிச்சிடுவேன்.