வாள் இறங்கும் முன் ஒரு சத்தம்

அம்மா: ஏய்… ஃபைனல்டி! இன்னும் கொஞ்ச நேரத்துல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க.

சின்னவள்: கூப்பிடட்டும். மாஸ்க்கைக் கீழ வைம்மா.

அம்மா: கை வலிக்குதா? காட்டு.

சின்னவள்: கையும் இல்ல, காலும் இல்ல. சொன்னா என்னைக் கிறுக்குன்னு சொல்லக் கூடாது.

அம்மா: அதைப் புதுசா வேற சொல்லணுமா? நீ வாளைத் தூக்கின அன்னிக்கே சொல்லிட்டேன்.

சின்னவள்: விளையாடாத… அக்கா வெட்ட வர்றதுக்கு முன்னாடி நாக்கால ஒரு சத்தம் போடுவாளே, ஞாபகம் இருக்கா?

அம்மா: …ம்.

சின்னவள்: 'ட்ச்'னு. சேபர் வாள்சண்டையில கண்ணால பாத்துக் கையைத் தூக்கறதுக்குள்ள வெட்டு விழுந்துடும். தினமும் அவகூட ஆடிப் பழகினதால, அந்தச் சத்தத்தை வச்சே தடுத்துடுவேன்.

அம்மா: செத்துப்போனவளை இப்ப ஏன்டி இழுக்கற?

சின்னவள்: அவ போகலம்மா.

அம்மா: என்ன உளர்ற?

சின்னவள்: அவளைக் கொண்டுபோன அந்த பஸ் விபத்துக்கு அப்புறம் நான் ஆடின முதல் மேட்ச். எதிர்ல யாரோ வெளிநாட்டுக்காரி. அவ பாய்றதுக்கு முன்னாடி… 'ட்ச்'.

அம்மா: அவளுக்கும் அந்தப் பழக்கம் இருந்திருக்கும்.

சின்னவள்: நானும் அப்படித்தான் நினைச்சேன். அடுத்த மேட்ச்லயும் கேட்டுச்சு. அதுக்கு அடுத்ததுலயும்… சத்தம் எதிர்லேர்ந்து வரலம்மா. என் காதுகிட்ட. என் மாஸ்க்குக்குள்ள.

அம்மா: மெதுவாப் பேசு…

சின்னவள்: அத்தனை மெடலும் அவ வாங்கினது. நான் சும்மா கையைத் தூக்கினேன், அவ்வளவுதான்.

அம்மா: சரி, நல்லதுதானே பண்றா… தங்கச்சிக்கு.

சின்னவள்: காலையில செமி ஃபைனல்ல தப்புத் தப்பா சொன்னாம்மா. வெட்டு வராதப்ப சத்தம். வர்றப்ப ஒண்ணுமே இல்ல. தட்டுத் தடுமாறித்தான் ஜெயிச்சேன். கடைசிப் பாயின்ட்ல… காதுக்குள்ள அழுதா.

அம்மா: அது அழுகை இல்லடி.

சின்னவள்: உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: …திரும்பு. ஜிப்பைப் போடறேன்.

சின்னவள்: அம்மா, அவ களைச்சுட்டா. நான் மாஸ்க் போட்டு ஆடிட்டே இருக்கற வரைக்கும் அவளால எங்கயும் போக முடியல. இதோட நிறுத்திடறேன். பாவம், விட்டுடலாம்மா.

அம்மா: கையை நீட்டு. க்ளவுஸ்.

சின்னவள்: நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? தோத்துடுவேன்!

அம்மா: தோத்தா தோத்துட்டுப் போ. நீ ஜெயிக்கறதைப் பாக்கவா ஒரு ஊர் விடாம உன் பின்னால வரேன்? முதல் மேட்ச்லேர்ந்து அந்தச் சத்தம் எனக்கும் கேக்குதுடி… அழுகையாவே இருந்தாலும் பரவால்ல. எனக்கு அவ குரல் வேணும். போடு மாஸ்க்கை.